செத்தவன் செத்தபடி கெடக்கட்டும் பேராண்டி

உக்காரு பேராண்டி. லேப்டாப்ப மடியில வச்சுக்காத, சூடு ஆவாது. கட்டில்மேல வையி. கதை முழுசும் கேட்டாச்சு. ஒன் அம்மாயி அழ வேண்டிய எடத்துல தூங்கிட்டா, தூங்க வேண்டிய எடத்துல எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. நான் மட்டும் முழிச்சிருந்து கேட்டன். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றன். புடிச்சா எடுத்துக்க, புடிக்கலன்னா வடபழனிக்குப் போயி, "ஊர்ல ஒரு கெழவன் ஒளறுனான்"னு சொல்லி சிரிச்சுக்க.

ஒன் கதைய நானே திருப்பிச் சொல்றன், சரியான்னு பாரு. சுண்ணாம்புக்கல் வெட்டுற பள்ளத்துல நம்ப செந்துறைப் பையன் ஒருத்தன் வேலை பாக்கறான். வெடி வைக்கிறாங்க. பாறை பொளந்து டைனோசர் முட்டை ஒண்ணு ஒடையுது. உள்ளேருந்து பச்சைத் தூசி கெளம்பி அவன் மூக்குல ஏறுது. ராத்திரியோட ராத்திரியா அவனுக்குப் பத்து யானை பலம். அப்பறம் ஏழு பாகம்.

முட்டை விசயம் நெசந்தான். 2009-ல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க வந்து, செந்துறைப் பக்கம் கும்பல் கும்பலா டைனோசர் முட்டை கெடக்குதுன்னு சொன்னாங்க. பேப்பர்லல்லாம் வந்துச்சு. இந்த அரியலூர்ச் சீமையே ஒரு காலத்துல கடலுக்கடியில கெடந்த பூமி. இன்னைக்கும் கல்லுல நத்தைச் சுருள் தெரியும். அந்தாண்ட பெரம்பலூரு பக்கம் சாத்தனூர்ல கல்லாப் போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கெடக்குது. அதனால முட்டைய நான் ஒத்துக்கறன். தூசியத்தான் ஒத்துக்க முடியல. சிமெண்டு லாரி கெளப்புற தூசிய தெனமும் மூக்குல ஏத்துற சனம் இந்த ரோட்டோரத்துல எத்தனை ஆயிரம் பேரு! எவனுக்குடா யானை பலம் வந்துச்சு? இருமல்தான் வந்துச்சு. பறக்கறப்ப இருமிக்கிட்டே பறக்குறான்னு வையி, அப்ப அவன் நம்ப ஊரு ஆளுன்னு நான் கையெழுத்துப் போடறன்.

மொகத்தத் தூக்காத. சக்தி வந்ததக் குத்தமா சொல்லல. அந்த சக்திக்கு என்னா செலவுன்னு நீ எங்கயும் சொல்லல, அதத்தான் சொல்றன்.

1972-ல சிவகாசியிலேருந்து முத்து காமிக்ஸ் வந்துச்சு. மொத புத்தகமே இரும்புக்கை மாயாவி. சீமைக்காரன் கதைதான், ஆனா நம்ப ஊரு சலூன்ல முடி வெட்டிக்கப் போற பயலுவ முக்காவாசி அதப் படிக்கத்தான் போவானுங்க. அந்த மாயாவிக்கு ஒரு கை இரும்பு. கரண்டு பாயிற எடத்தத் தொட்டா ஒடம்பு மறைஞ்சிடும். ஆனா அந்த இரும்புக் கை மட்டும் மறையாது, அந்தரத்துல தனியாத் தெரியும். கொஞ்ச நேரத்துல கரண்டு வேகம் எறங்கிட்டா ஆளும் வெளிய தெரிய ஆரம்பிச்சுடுவான். எங்களுக்கு வில்லன் மேல பயமே கெடையாது. வேகம் எப்ப எறங்குமோ, கை எவன் கண்ணுல படுமோன்னுதான் நெஞ்சு அடிச்சுக்கும். நம்ப ஊர்ல பொறந்திருந்தான்னா பாவம், மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒம்போதுக்கு லைன ஆஃப் பண்ணி சாயந்தரம் அஞ்சுக்குத்தான் குடுப்பாங்க. அது வரைக்கும் இரும்புக்கை இருந்தும் கையாலாகாதவன்.

அந்தக் கஷ்டம் இருந்ததாலதான் அவன் எங்க ஆளா இருந்தான். ஒன் ஆளுக்கு என்னா கஷ்டம்? குண்டு பாயாது, நெருப்பு சுடாது, மலையிலேருந்து விழுந்தா மலைக்குத்தான் அடி படும். அவனுக்கு எதிரியும் அதே முட்டையில பொறந்த இன்னொருத்தன். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா யாருக்கும் வலிக்காது, கட்டடத்துக்குத்தான் வலிக்கும். 2013-ல வெள்ளைக்காரன் சூப்பர்மேனை வச்சு 'மேன் ஆஃப் ஸ்டீல்'னு எடுத்தான். கடைசிச் சண்டையில பாதி ஊரு தரைமட்டம். உள்ள எத்தனை பேரு இருந்தாங்கன்னு அந்தப் படத்துல ஒருத்தனும் நின்னு பாக்கல. மூணு வருசம் கழிச்சு அடுத்த படத்துல பேட்மேன் வந்துதான் அதுக்குக் கோவப்பட்டாரு. நம்ப ஊர்ல ஒரு சுவரு விழுந்து ஆடு செத்தாலே மறுநாள் தாலுக்கா ஆபீசுக்கு மனு போயிடும். ஒரு ஊரே விழுந்ததுக்கு மூணு வருசமா?

வேசம் கட்டறதப் பத்தி ஒரே வார்த்தை. 2009-ல கந்தசாமின்னு ஒரு படம். திருப்போரூர் முருகன் கோயில் மரத்துல சனங்க கொறையச் சீட்டுல எழுதிக் கட்டறாங்க, கொறை தீருது. பின்னால இருந்து தீத்து வைக்கிறது ஒரு சி.பி.ஐ. அதிகாரி. சாமிகிட்ட மனு குடுக்கற சனத்தோட மனசு தெரிஞ்சவன்தான் இத யோசிக்க முடியும். அதோட விட்டிருக்கலாம். விக்ரமுக்குச் சேவல் வேசம் கட்டி, எறகு வச்சு, கொக்கரிக்கவும் விட்டாங்க. முருகனுக்குச் சேவல் கொடியில இருக்கறதுதான் அழகு. 2012-ல மிஷ்கின் 'முகமூடி' எடுத்தாரு, ஜீவா நடிச்சாரு. தமிழுக்கு மொத சூப்பர் ஹீரோன்னு பேசிக்கிட்டாங்க. சட்டை கனமா இருந்துச்சு, கதை லேசா இருந்துச்சு. ஒன் ஆளுக்கு நீ வரைஞ்சு வச்சிருக்கற சட்டையப் பாத்தன். வைகாசி வெயில்ல அதப் போட்டுக்கிட்டு செந்துறைக் கடைத்தெருவுல ஒரு நடை நடந்து காட்டு, நான் ஏழு பாகத்துக்கும் பணம் போடறன்.

வில்லனுக்கு வருவம். "தாத்தா, என் வில்லன் பக்கமும் நியாயம் இருக்கு"ன்னு பெருமையாச் சொன்ன. இப்ப அதான் மோஸ்தர் போலருக்குது. 2018-ல 2.0 வந்துச்சே, அதுல பட்சிராஜன்னு ஒரு பெரியவரு. பறவைங்க மேல உசிரு. செல்போன் கோபுரத்தால குருவிங்க சாவுதுன்னு வாசல் வாசலா ஏறி எறங்குறாரு, எவனும் காதுல போட்டுக்கல. கடைசியில அந்தக் கோபுரத்துலயே தூக்கு மாட்டிக்கறாரு. கொட்டாயில ஒரு சத்தம் இல்ல, எல்லாரும் அவரு பக்கம் போயிட்டாங்க. டைரக்டருக்கு இப்ப இக்கட்டு. ரஜினி யாரப் போட்டு அடிக்கறது? ஒடனே பெரியவர செல்போனாலயே செஞ்ச ராட்சசப் பறவையாக்கி, ஆளுங்களக் கண்ட மேனிக்குக் கொல்ல வச்சாச்சு. அவுரு கேட்ட கேள்வி? அது கோபுரத்துலயே தொங்குது. அவெஞ்சர்ஸ்ல தானோஸும் இதே கேசுதான். சனம் பெருத்துப் போச்சு, சோறு பத்தாதுன்னு ஒரு கேள்விய வைக்கிறான். பதில் சொல்லத் தெரியாதவங்க அவன் தலைய வெட்டுறாங்க. நியாயத்த ஒரு கையால குடுத்துட்டு மறு கையால புடுங்கறதுக்குப் பேரு ஆழமான வில்லனாம்.

2021-ல மலையாளத்துக்காரன் பேசில் ஜோசப் 'மின்னல் முரளி' எடுத்தான் பாரு, அதுல இந்த ஏமாத்து இல்ல. ஒரே மின்னல் ரெண்டு பேரத் தாக்குது. ஒருத்தன் தையக்காரன், இன்னொருத்தன் டீக்கடையில வேலை பாக்கறவன், ஊரே ஒதுக்கி வச்ச ஷிபு. நம்ப குரு சோமசுந்தரம்தான் அந்த ஷிபு. அவனுக்கு ஒலகத்த ஆளணும்னு ஆசை கெடையாது. சின்ன வயசுலேருந்து மனசுல வச்சிருந்த உஷா ஒருத்தி தன்னோட வந்துட்டா போதும். அவ வர்றன்னு சொன்ன ஒடனே அந்தாளு சிரிச்சுக்கிட்டே அழுவுறத நீ ஒன் போன்ல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாரு. பட்ஜெட்டு எதுவும் ஆவாது அதுக்கு. ஒரு மொகம்தான் வேணும்.

சரி, இப்பத்தான் நான் சொல்ல வந்ததுக்கு வர்றன். ஒன் ஏழு பாகத்துல ஒன் ஆளு எத்தனை தடவ சாவுறான்னு கணக்கு எடுத்தியா? மூணாம் பாகத்துல சாவுறான், நாலுல எழுந்திரிக்கறான். அஞ்சுல திருப்பிச் சாவுறான், ஆறுல வேற ஒலகத்துலேருந்து அவனோட ஜாடையில ஒருத்தன் வர்றான். இவ்வளவு சாவுக்கு ஒரு எழவுச் சோறாவது போட்டியா? பதினாறாம் நாள் காரியம் உண்டா? மூணு நாள் பந்தல் கூட நிக்க மாட்டேங்குது, அதுக்குள்ள பொணம் எழுந்து சண்டைக்குப் போவுது. ஒன் அம்மாயி ஏன் அழலன்னு கேட்டியே, இதான் காரணம். எழுந்திரிக்கப் போறவனுக்கு எவ அழுவா?

இது ஒன் தப்பு மட்டும் இல்ல, பெரிய எடத்து வியாதி. எந்திரன் 2010-ல வந்துச்சு. கடைசியில கோர்ட்டு சிட்டிங்கற ரோபோவப் பிரிச்சுப் போடச் சொல்லுது. அந்த மிசினு தன் கையத் தானே கழட்டுது, காலக் கழட்டுது, கழட்டிக்கிட்டே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசுது. ரஜினி படத்துல ரஜினி துண்டு துண்டா ஆவுறத ஒக்காந்து பாத்தம். இரும்புக்கு அழுதம்டா! அப்பறம் 2030-ல மியூசியத்துல கழட்டுன சிட்டி இருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு வந்து கேள்வி கேக்கும். ஒரு கதைய அதவிட நல்லா முடிக்க முடியாது. எட்டு வருசம் கழிச்சு 2.0-வுல பொட்டியத் தொறந்து, சிட்டியத் திருப்பி மாட்டி, போதாக்கொறைக்குக் கையளவுக் குட்டி ரஜினியா நூத்துக்கணக்குல பறக்க விட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு வேடிக்கை. ஆனா நாங்க மின்ன அழுத அழுகைக்கு இப்ப என்னா மரியாதை?

வெள்ளைக்காரன் இதுல இன்னும் கெட்டிக்காரன். 2018-ல 'இன்ஃபினிட்டி வார்'ல பாதி ஒலகத்தச் சாம்பலாக்குனான். ஸ்பைடர்மேன் பையன் சாம்பலாப் போறப்ப நீ போன் பண்ணி அழுத, ஞாபகம் இருக்கா? அந்தப் பையனுக்கு அடுத்த படம் தேதியோட குறிச்சு வச்சிருந்தானுங்க, 2019 சூலையில வந்தும் போச்சு. வூல்வரின்னு ஒருத்தன். 2017-ல 'லோகன்'னு படம். வயசாயி, கை நடுங்கி, புண்ணு ஆறாம, பெத்த பொண்ணு மாதிரி ஒரு குட்டி பக்கத்துல இருக்க செத்துப் போறான். கல்லு வச்சுப் பொதைச்சாங்க. ஏழு வருசம் கழிச்சு 2024-ல அடுத்த படம் எப்பிடித் தொடங்குது தெரியுமா? நீதானே காட்டுன. அந்தக் குழியத் தோண்டி, எலும்ப எடுத்து, அதாலயே ஆளுங்களக் குத்திக்கிட்டு ஒருத்தன் டான்ஸ் ஆடுறான். பொதைச்ச குழியத் தோண்டுறத நம்ப சனம் என்னான்னு சொல்லும்னு ஒனக்குத் தெரியாதா? அங்க அதுக்குப் பேரு ஓப்பனிங் சீன். அயர்ன்மேனும் அப்பிடித்தான். 2008-ல வந்தவரு, 2019-ல 'எண்ட்கேம்'ல எல்லாருக்காவயும் உசிர விட்டாரு. தமிழ்ல அவருக்கு விஜய் சேதுபதி கொரல் குடுத்தாரு, பசங்க சண்டைக்கு வந்தாங்க, அது வேற கதை. அந்த அமெரிக்கா நடிகரு இப்ப வேற முகமூடி போட்டு 'டாக்டர் டூம்'னு வர்றாராம், 2024-லயே மேடை போட்டு அறிவிச்சாங்க. ஆளு செத்தாலும் சம்பளம் சாவல.

டைனோசரயே எடுத்துக்க. ஆறரைக் கோடி வருசத்துக்கு முன்ன செத்துத் தொலைஞ்சது. நம்ப ஊரு முட்டைங்க மானம் மரியாதையா மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. 1993-லேருந்து 2025 வரைக்கும் ஜுராசிக் படம் ஏழு வந்தாச்சு, ஏழுலயும் அதுங்களப் பொரிக்க வச்சு ஓட விட்டுக்கிட்டே இருக்கானுங்க. ஒவ்வொரு தடவயும் ஒரு விஞ்ஞானி "இத செய்யக் கூடாது"ன்னு சொல்லுவான், ஒவ்வொரு தடவயும் ஒரு மொதலாளி செய்வான். அந்த ஒரு எடம் மட்டும் நம்பற மாதிரி இருக்கும்.

நம்ப சேனாபதியச் சொல்லாம விடக் கூடாது. 1996-ல இந்தியன்ல லஞ்சம் வாங்குன சொந்த மகனையே கொன்னாரு. அதுக்கு மேல அந்த மனுசனுக்கு எழக்க என்னா இருக்குது? 2024-ல திரும்ப வந்தாரு. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை போட்டவரு, நூறு வயசத் தாண்டியிருக்கணும். நான் கட்டில்லேருந்து எழுந்திரிக்க ஒன் தோளப் புடிக்கறன், அவரு வர்மத்துல ஆளுங்கள மடக்கறாரு. வயசு கெடக்கட்டும், பொறாமையில சொல்றன்னு வச்சுக்க. படம் முடிஞ்சதும் மூணாம் பாகத்துக்கு டிரெய்லர் போட்டாங்க பாரு, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு: இவ்வளவு நேரம் பாத்தது டிரெய்லருக்கு முன்னால போட்ட டிரெய்லரு.

இங்கதான் ஒன் 'யூனிவர்ஸ்' வருது. நீ லோகேஷ் கனகராஜ் பேரச் சொன்ன. சொல்லிக்க, அந்தத் தம்பி கெட்டிக்காரரு. ஆனா 2019 தீவாளிக்கு வந்த கைதியப் பத்தி நீ ஏன் பேச மாட்டேங்கற? ஒரே ராத்திரி, ஒரு லாரி, பெத்த பொண்ண ஒரு தடவ கூடப் பாக்காத ஒரு அப்பன். பிரியாணிய அள்ளி அள்ளித் திங்கறான். செயில்ல எத்தனை வருசம் இருந்தான்னு வாயால சொல்ல வேண்டியதில்ல, அந்தச் சோறே சொல்லிடுது. அப்பறம் அந்தக் கான்ஸ்டபிள் நெப்போலியன், ஜார்ஜ் மரியான் நடிச்சாரே. மாத்தலாயி அன்னைக்குத்தான் டூட்டிக்கு வர்றாரு. கமிஷனர் ஆபீசுல அவரும் நாலஞ்சு காலேஜ் பிள்ளைங்களும் மட்டும். வெளிய கத்தி கம்போட ஒரு கும்பல். நடுங்கிக்கிட்டே கதவ அடைச்சுட்டு நிக்கறாரு. எனக்கு அவருதான்டா சூப்பர் ஹீரோ. ஏன்னா அடுத்த நிமிசம் செத்துப் போவலாம்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பறம் என்னா ஆச்சு? 2022-ல விக்ரம் வந்துச்சு, அது இதோட முடிச்சுப் போட்டுக்கிச்சு. அதுலயும் நான் ஒண்ணு சொல்லுவன், அந்த ஏஜென்ட் டீனா. மூணு மணி நேரப் படத்துல கமல் இருக்காரு, பகத் ஃபாசில் இருக்காரு, கடைசியில சூர்யா வர்றாரு. வெளிய வந்த சனம் வீட்டு வேலை செய்யிற அந்த அம்மாவத்தான் பேசுச்சு. அது வரைக்கும் சமையக்கட்டுல கெடந்தவங்க, கையில கெடைச்ச முள்கரண்டிய வச்சு சண்டை போட்டு, அந்த ராத்திரியே செத்தும் போனாங்க. நடிச்ச வசந்தியும் பல வருசம் டான்ஸ் குரூப்புல பின் வரிசையில நின்னவங்கதான். திரும்ப வர மாட்டாங்கன்னு தெரிஞ்சதாலதான் கை தட்டுனம்.

2023 லியோவுல அந்த நெப்போலியன் ஹிமாச்சலப் பிரதேசத்துல வந்து நிக்கறாரு. கொட்டாயி கிழியுற மாதிரி விசில். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எந்த டிபார்ட்மெண்ட்டுடா திருச்சிப் பக்கத்துலேருந்து இமயமலைக்கு மாத்தல் போடுது? கைதியில உசிருக்குப் பயந்து நின்ன மனுசன், இங்க வந்து கைதட்டு வாங்கிக்கிட்டுப் போற விருந்தாளி ஆயிட்டாரு. படத்துக்குன்னு ஒரு நல்ல கேள்வி இருந்துச்சு, பார்த்திபன்தான் லியோவா இல்லையான்னு. அத முடிச்சுட்டு வெளக்கப் போட்டிருக்கலாம். கடைசியில விக்ரம்கிட்டேருந்து போன். ஒடனே எல்லாரும் பார்த்திபன மறந்துட்டு அடுத்தது யாரு, எந்தப் படம்னு பேசிக்கிட்டே எழுந்து போறாங்க.

நம்ப முந்திரிக் காட்டுல பாத்திருப்பியே. பழம் ஒரு பக்கம், கொட்டை வெளிய தொங்கும். வெலை கொட்டைக்குத்தான், பழத்தத் திருகி மரத்தடியிலயே போட்டுட்டு வந்துடுவம். இப்ப படமும் அப்பிடி ஆயிப் போச்சு. பேரு ஓடி முடிஞ்ச பெறகு வர்ற ரெண்டு நிமிசந்தான் கொட்டை, மின்ன ஓடுன ரெண்டரை மணி நேரம் திருகிப் போடற பழம்.

அதோட பாடம் வேற படிச்சுட்டு வரணும். 2023-ல 'தி மார்வெல்ஸ்'னு ஒண்ணு. அது புரியணும்னா மின்ன வந்த படத்தையும் பாத்திருக்கணும், டி.வி.யில வந்த தொடரையும் பாத்திருக்கணும். அந்த வரிசையிலயே கொறைஞ்ச வசூல் அதுக்குத்தான். அந்தப் படக் கம்பெனிக்கு அப்பத் தலைவரா இருந்த பாப் ஐகரே, அளவுக்கு மிஞ்சி எடுத்ததால கவனம் செதறிப் போச்சுன்னு அந்த வருசம் ஒத்துக்கிட்டாரு. நூறு ரூவா குடுத்து டிக்கெட் வாங்குற கூலிக்காரன் பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கே படிக்காதவன்டா, ஒன் யூனிவர்சுக்கா படிப்பான்?

"தாத்தா, மலையாளப் படம் லோகா 300 கோடிக்கு மேல வாரிச்சே"ன்னு மடக்குற. வாரட்டும், சந்தோசம். அதுல நடிச்ச கல்யாணி நல்லாச் செஞ்சிருக்குது. அவங்க ஊரு களியங்காட்டு நீலி கதைய எடுத்து பெங்களூருல வச்சாங்க. நீலிக்கு ஒரு பழைய காயம் இருக்குது, அதான் இழுத்துது. பேரு மொத பாகம்னு போட்டு, கடைசியில அடுத்தவன வேற நிக்க வச்சுட்டாங்க. நாலாம் பாகம் வர்றப்ப நான் இருந்தா பேசிக்கலாம்.

இன்னொண்ணு, ஜோக்கு. ஒன் ஆளு சாகப் போற நேரத்துலயும் ஜோக்கு அடிக்கறான். இதுவும் அங்கேருந்து வந்த பழக்கம். 2022-ல தோர் படத்துல அவன் பொண்டாட்டியாக வேண்டியவளுக்குப் புத்துநோயி. அவ சாவப் பாத்துக்கிட்டு இருக்கா, நடுவுல ரெண்டு ஆட்ட விட்டுக் கத்த விடறாங்க. ஆடு வளக்கறவன் நான், எனக்கே சிரிப்பு வரல. கூத்துல கட்டியக்காரன் அடிக்காத நக்கலா? ராசாவக் கூட விட மாட்டான். ஆனா நக்கல் அடிக்கறது அவன், கர்ணன் அடிக்க மாட்டான். கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் குடுக்கறப்ப கர்ணன் ஒரு ஜோக்கு அடிச்சுப் பாரு, விடிய விடிய ஒக்காந்திருந்த பொம்பளைங்க பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.

கூத்துன்னதும் கொட்டாவி விடாத, இதையும் கேட்டுட்டுப் போ. திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வச்சா அதுவும் ராத்திரி ராத்திரியாப் போற தொடருதான். வில்வளைப்பு ஒரு ராத்திரி, அர்ச்சுனன் தபசு ஒரு ராத்திரி, அபிமன்யு, கர்ண மோட்சம்னு போயிக்கிட்டே இருக்கும். யாரும் யாருக்கும் கதைய ஒளிக்கல, கைக்கொழந்தைக்கும் முடிவு தெரியும். கர்ணன் சாவப் போறான்னு தெரிஞ்சேதான் சனம் போர்வையோட வந்து ஒக்காரும். கடைசி நாள் காலையில படுகளம். தெடல்ல மண்ணால துரியோதனன ஆள் உசரத்துக்குப் பல மடங்கு பெருசாப் படுக்க வச்சிருப்பாங்க. தொடையில ஒரு கலயம் பொதைச்சு செவப்புத் தண்ணி ஊத்தி மூடியிருப்பாங்க. பீமன் வேசக்காரரு கதையால ஓங்கி அடிப்பாரு, கலயம் ஒடைஞ்சு குபுக்குன்னு பொங்கும். அதத் தொட்டுத் திரௌபதி கூந்தல முடிவா. நீ சின்னப் பையனா இருந்தப்ப அதப் பாத்துட்டு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டு மூஞ்சியப் பொதைச்சுக்கிட்ட. சாயந்தரம் தீமிதி. அதோட சரி, அந்தக் கதை முடிஞ்சுது.

திரும்பப் பாரதம் வைக்கிறப்ப துரியோதனன் ரெண்டாம் பாகத்துக்கு எழுந்து வர மாட்டான். மொதல்லேருந்து பொறந்து, மொதல்லேருந்து சூதாடி, அதே தெடல்ல, அதே தொடையில அடி வாங்கி சாவான். அதப் பாக்கறதுக்கும் கூட்டம் வரும். சனத்துக்குப் புதுசு புதுசா வேணும், பெருசு பெருசா வேணும்னு ஒனக்கு எவன் சொன்னான்? படம் முடிஞ்சா கல்லா முடிஞ்சு போயிடும்னு பயப்படற மொதலாளிதான் சொல்லியிருப்பான். அவன் பயம் அவனுக்கு, போட்ட பணம் அப்பிடி. ஆனா அந்தப் பயத்த நீ எதுக்கு வாங்கி ஒன் கதையில கட்டிக்கற?

ஒனக்கு மாதிரி வேணும்னா 2023-ல வந்த மாவீரன எடுத்துக்க. மடோன் அஸ்வின் எடுத்தது. பயந்தாங்கொள்ளி ஒருத்தன், பேப்பர்ல படக்கதை வரையறவன். குடிசையிலேருந்து தூக்கி அரசாங்க அடுக்குமாடியில போடறாங்க, தொட்ட எடமெல்லாம் உதிருது. கதவு கையோட வருது. இந்தச் சீமைச் சுண்ணாம்பு அத்தனையும் லாரி லாரியாப் போவுது, சிமெண்டாவுது, பெறகு அந்தச் சிமெண்டு எந்தக் கட்டடத்துக்குத்தான் போவுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. அவனுக்கு சக்தின்னு பாத்தா மேலேருந்து ஒரு கொரல் கேக்கறது மட்டுந்தான், அதுவும் விஜய் சேதுபதி கொரல், அயர்ன்மேன்லேருந்து எறங்கி இங்க வந்துட்டாரு போல. அந்தக் கொரல் அவன் சொல்றபடி கேக்காது, அவனத்தான் மாட்டி விடும். சிவகார்த்திகேயன் ஒவ்வொரு தடவயும் அண்ணாந்து பாத்து முழிக்கறப்ப கொட்டாயே முழிக்குது. எதிரி வேற கெரகத்துலேருந்து வரல. காண்ட்ராக்ட்ல காசு அடிச்சவன்தான் எதிரி. எல்லா ஊர்லயும் இருக்கறவன்.

அதனால ஒன் சுண்ணாம்புப் பள்ளத்துப் பையன வச்சுக்க. முட்டையையும் வச்சுக்க. பச்சைத் தூசிய எடுத்துட்டு நெசமான தூசியப் போடு. பத்து யானை பலம் குடுத்தியா, ஒவ்வொரு தடவ பலத்தக் காட்டுறப்பயும் அவன் நெஞ்சுல ஒரு இருமல் கூடட்டும். பள்ளத்துல எறங்கி மூடிக் கெடக்கற நாலு பேரத் தூக்கணும், தூக்குனா இவனுக்கு மூச்சு நிக்கும். அப்ப அவன் என்னா செய்வான்னு எழுது. மறுநாள் காலையில பந்தல் போடு, பறை அடிக்க விடு, அவன் ஆத்தா என்னா சொல்லி அழுவுறாளோ அத அளக்காம எழுது. ஒன் அம்மாயி எழுந்து ஒக்காந்து கேப்பா.

ஆறு பாகத்த அழிச்சுட்டு அந்த ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு சித்திரையில வா. செந்துறைக்கே ஆளு கூட்டிக்கிட்டு மொத நாள் மொத ஆட்டத்துக்கு வர்றன், டிக்கெட்டும் என் காசுல. ஆனா பேரு ஓடி முடிஞ்ச பெறகு இருட்டுலேருந்து எவனாவது எட்டிப் பாத்தான்னு வையி, டிக்கெட் காசு அத்தனையும் ஒன்கிட்டதான் வசூல் பண்ணுவன்.